விண்கல்லில் உள்ள கார்பன் எங்கே உருவானது: விண்மீனிலா, குளிர்மேகத்திலா, சிறுகோளிலா?

நிலவன்

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியூகு சிறுகோளிலிருந்து 5.4 கிராம் மண்ணைக் கொண்டுவந்தது நினைவிருக்கும். 2020 டிசம்பர் 6 அன்று ஆஸ்திரேலியாவின் வூமரா பாலைநிலத்தில் அந்தக் கலம் இறங்கியது. அந்த மண்ணில் இருந்த நாப்தலீன் போன்ற சில சேர்மங்கள், சூரியன் பிறப்பதற்கு முன்பே, மைனஸ் 263 டிகிரி குளிரில், விண்மீன்களுக்கு இடைப்பட்ட மேகத்தில் உருவானவை என்று 2023 இறுதியில் ஓர் ஆய்வு வந்தது.

நான் முன்பு படித்தவை வேறு மாதிரி இருந்தன. சூரியக் குடும்பம் உருவான வாயுத் தட்டில், சூடான தூசிப் பரப்பில் கார்பன் சேர்மங்கள் விளைந்தன என்றது ஒரு கட்டுரை. சிறுகோளின் உள்ளே வெதுவெதுப்பான நீரில் உருவாயின என்றது இன்னொன்று. விண்கல்லில் இருக்கும் வைரத் துகள்கள் வேறு விண்மீன்களிலிருந்து வந்தவை என்றது மூன்றாவது. ஒரே கல்லுக்கு இத்தனை பிறப்பிடங்களா? இவற்றில் எதை நம்புவது?

கயல்விழி

நிலவன், உங்கள் கேள்விக்குள் தனித்தனியாகக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கார்பன் அணு எங்கே பிறந்தது? அந்த அணுக்கள் எங்கே ஒன்றோடொன்று பிணைந்து மூலக்கூறாயின? அந்த மூலக்கூறுகள் கல்லுக்குள் வந்த பிறகு என்ன மாற்றம் அடைந்தன? நீங்கள் படித்த கட்டுரைகள் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, மொத்தத்துக்கும் பதில் சொன்னதுபோல் தலைப்பு வைத்துக்கொண்டிருக்கின்றன.

முதல் கேள்வியில் சண்டை இல்லை. பெருவெடிப்பில் கார்பன் உருவாகவில்லை. விண்மீனின் மையத்தில் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் இணைந்தால்தான் கார்பன். அப்படி இணைவதற்கு கார்பன் அணுக்கருவில் 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில் ஓர் ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்று வானியலாளர் பிரெட் ஹாய்ல் கணித்தார். 1953இல் கால்டெக் ஆய்வகத்தில் அது சோதனையில் உறுதியானது. ஆகவே 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த முர்ச்சிசன் விண்கல்லில் இருக்கும் ஒவ்வொரு கார்பன் அணுவும் ஏதோ ஒரு விண்மீனில் விளைந்ததுதான். நம் உடம்பில் இருப்பதும் அப்படியே.

வெவ்வேறு விண்மீன்கள் கார்பன்-12, கார்பன்-13 ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) வெவ்வேறு விகிதத்தில் தருகின்றன. அவையெல்லாம் வாயுவில் கலந்து சராசரியாகிவிட்டதால்தான் பூமியிலும் பெரும்பாலான விண்கல் பொருளிலும் அந்த விகிதம் ஏறத்தாழ 89 என்று நிற்கிறது. சராசரியாகாமல் தப்பிய துகள்களும் உண்டு. அதை அறிவழகன் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அறிவழகன்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துப்பு கார்பனிலிருந்து கிடைக்கவில்லை, செனான் வாயுவிலிருந்து கிடைத்தது. பழைமையான விண்கற்களைச் சூடாக்கியபோது வெளிவந்த செனானில், சூரியக் குடும்பத்தில் எங்கும் காணாத ஐசோடோப்பு விகிதங்கள் தென்பட்டன. அந்த வாயுவை எந்தக் கனிமம் சிறைப்பிடித்து வைத்திருக்கிறது என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஆண்டர்ஸ், ராய் லூயிஸ் குழு ஆண்டுக்கணக்கில் தேடியது. கல்லை ஒன்றன்பின் ஒன்றாக அமிலங்களில் கரைத்தார்கள். எது கரைந்தாலும் செனான் மட்டும் மிஞ்சிய எச்சத்தோடு தங்கிவிட்டது. வைக்கோற்போரைக் கொளுத்திவிட்டு ஊசியைத் தேடும் முறை என்று ஆண்டர்ஸே அதைச் சொன்னார். 1987இல் அந்த எச்சம் நானோ வைரம் என்று தெரிந்தது. அதே ஆண்டு சிலிக்கான் கார்பைடும், 1990இல் கிராஃபைட்டும் அகப்பட்டன.

வைரத் துகள் ஒவ்வொன்றும் மிகச் சிறியது. தனியாக எடுத்து அளக்கவே முடியாது. சிலிக்கான் கார்பைடு துகள்கள் ஒரு மைக்ரான் அளவுக்கு வளர்ந்தவை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் சின்னர் அயனிக் கற்றையைக் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக அளந்தார். சூரியக் குடும்பத்தில் 89 என்று நிற்கும் விகிதம், இந்தத் துகள்களில் 2 முதல் சில ஆயிரம் வரை சிதறிக் கிடந்தது. பெரும்பாலானவை முதிர்ந்த செம்பெருமீன்களின் வெளியோட்டத்தில் உறைந்தவை. சில, வெடித்த விண்மீன்களிலிருந்து வந்தவை. 2020இல் முர்ச்சிசனின் பெரிய துகள்களில் விண்கதிர் உண்டாக்கிய நியானை அளந்து வயது கணித்தார்கள். மிக மூத்த துகள் சூரியனைவிட 300 கோடி ஆண்டு வரை மூத்தது. ஆய்வகத்தில் கைவசம் இருக்கும் திடப்பொருள்களில் அதைவிடப் பழையது வேறில்லை.

இருந்தாலும் நிலவன், இந்தத் துகள்கள் முர்ச்சிசனின் கார்பனில் எத்தனை பங்கு என்பதைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் கல்லின் எடையில் சுமார் 2 சதவீதம் கார்பன். சிலிக்கான் கார்பைடோ பத்து லட்சத்தில் ஒரு சில பங்கு. கிராஃபைட்டும் அவ்வளவு சொற்பம்தான். நானோ வைரம் கொஞ்சம் அதிகம். ஆனால் அதன் சராசரி கார்பன் விகிதம் சூரியனுடையதை ஒட்டியே இருப்பதால், எல்லா வைரமும் வெளியிலிருந்து வந்ததா என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை. செய்தித்தாள்கள் விண்மீன் துகள்களைக் கொண்டாடுவது நியாயம்தான். விண்கல் கார்பனின் மிகப் பெரும்பகுதி அவற்றில் இல்லை என்பதையும் அவை சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யாழினி

அண்ணா, கிராபைற்று பற்றிச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசி பனிக்கட்டியால் ஆனது என்று பலரும் நம்பியிருந்த 1962ஆம் ஆண்டிலேயே, அது காபன் விண்மீன்களில் உருவாகும் கிராபைற்று என்று எழுதியவர்கள் ஹொய்லும் கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவும். 28 ஆண்டுகள் கழித்து விண்கல்லுக்குள் விண்மீன் கிராபைற்றே கிடைத்தது.

இன்னொருவர் சிரில் பொன்னம்பெரும. காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்து, பிறகு இலண்டனில் இரசாயனத்துக்கு மாறியவர். 1969 செப்டெம்பர் 28 அன்று அவுஸ்திரேலியாவின் முர்ச்சிசன் ஊரில் கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் அறிவித்த நாசா குழுவில் அவரும் ஒருவர். எங்கள் பக்கத்துப் பாடநூல்களில் இந்தப் பெயரைத் தேடினாலும் கிடைப்பதில்லை. வருத்தமாக இருக்கிறது.

பொலன்னறுவையில் 2012 டிசம்பரில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கல்லைப் பற்றியும் கேட்க வேண்டும். அதில் உயிரின் சுவடு இருக்கிறது என்ற செய்தி எங்கள் ஊரில் பெரிதாகப் பரவியது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

அறிவழகன்

யாழினி, 1962 கட்டுரையை நினைவுபடுத்தியதற்கு நன்றி. அது இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. பொலன்னறுவைக் கல் வேறு கதை. அதை விண்கல் என்றே விண்கல் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அதில் காட்டப்பட்ட டயட்டம் என்ற நுண்பாசிகளும் பூமியின் நன்னீரில் சாதாரணமாக வாழ்பவை. ஒரு கல்லில் உயிரைத் தேடுவதற்கு முன் அது விண்கல்தானா என்பதை ஆக்சிஜன் ஐசோடோப்புகளைக் கொண்டும் கனிம அமைப்பைக் கொண்டும் நிறுவ வேண்டும். அந்தப் படியைத் தாண்டிப் போனால் மற்ற எதற்கும் பிடிப்பில்லை.

முத்துக்குமரன்

ஆய்வகப் பகுப்பாய்வில் வேலை செய்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். கார்பன் எல்லா இடத்திலும் இருக்கிறது, விரல் ரேகையில்கூட. 1864 மே 14 அன்று பிரான்சில் விழுந்த ஓர்கேய் கல்லின் ஒரு துண்டு நூறாண்டு கண்ணாடிச் சாடிக்குள் இருந்தது. 1960களில் அதைத் திறந்து பார்த்தால் உள்ளே கோரை விதைகள், நிலக்கரித் துணுக்குகள், அவற்றை ஒட்டிவைத்த பசை. கல் விழுந்த காலத்திலேயே யாரோ வேண்டுமென்று செய்த மோசடி அது.

ஆகவேதான் 2000 ஜனவரி 18 அன்று கனடாவில் உறைந்துபோன டாகிஷ் ஏரியின் மேல் விழுந்த கல் அவ்வளவு போற்றப்படுகிறது. முதலில் எடுத்த துண்டுகளைக் கையால் தொடாமல், உறைந்த நிலையிலேயே பாதுகாத்தார்கள். அமினோ அமிலங்களின் இடக்கை, வலக்கை வடிவங்கள் (ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம்) இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அது பூமி உயிரினத்தின் கறை இல்லை என்று ஓரளவு நம்பலாம். உயிரினங்கள் புரதத்துக்கு இடக்கை வடிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

பரிதி

இதுவரை வந்த பதில்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்ததையே பேசுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு குறைவு. விண்கல்லில் நாம் இன்று காணும் கரிமச் சேர்மங்களின் வடிவத்தைத் தீர்மானித்தது சிறுகோளின் உட்புறம்தான்.

அலுமினியம்-26 என்ற கதிரியக்க ஐசோடோப்பு தொடக்கக்காலச் சிறுகோள்களைச் சுட வைத்தது. பனி உருகியது. ரியூகுவின் தாய்ச் சிறுகோளில் கார்பனேட் கனிமங்கள் படிந்தபோது நீரின் வெப்பநிலை சுமார் 37 டிகிரி என்று கணித்திருக்கிறார்கள். ஆல்டிகைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு மூன்றும் அத்தகைய நீரில் கலந்தால் ஸ்ட்ரெக்கர் வினையில் அமினோ அமிலம் கிடைக்கும். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம்.

டாகிஷ் ஏரிக் கல் இதற்குச் சாட்சி. அதன் வெவ்வேறு துண்டுகள் நீரால் வெவ்வேறு அளவு மாறியவை. மாற்றத்தின் அளவுக்கு ஏற்பவே அவற்றின் கரிமப் பொருளும் மாறியிருப்பதை 2011இல் காட்டினார்கள். எல்லாம் மேகத்திலிருந்து அப்படியே வந்திருந்தால் ஒரே கல்லின் துண்டுகளுக்குள் இந்த வேறுபாடு எப்படி வரும்?

முர்ச்சிசனில் உள்ள ஐசோவாலின் என்ற அமினோ அமிலத்தில் இடக்கை வடிவம் 18 சதவீதம் வரை மிகுந்திருப்பதையும் 2009இல் அளந்தார்கள். ஐசோவாலின் பூமியின் உயிரினங்களில் மிக அரிது. கறை என்று தள்ளிவிட முடியாது. நீரால் அதிகம் மாறிய கற்களில் அந்த மிகுதி பெரிதாக இருக்கிறது. இதுவும் சிறுகோளின் நீரைத்தான் காட்டுகிறது.

கயல்விழி

> எல்லாம் மேகத்திலிருந்து அப்படியே வந்திருந்தால்

அப்படியே வந்தன என்று நான் சொல்லவில்லை, பரிதி. உங்கள் ஸ்ட்ரெக்கர் வினைக்கு வேண்டிய ஆல்டிகைடும் சயனைடும் எங்கிருந்து வந்தன என்பதுதான் என் கேள்வி.

இதற்கு டியூட்டீரியம், அதாவது கனமான ஹைட்ரஜன், பதில் சொல்கிறது. கால்டெக்கில் சாமுவேல் எப்ஸ்டீன் குழு 1987இல் முர்ச்சிசனின் அமினோ அமிலங்களை அளந்தபோது, கடல் நீரோடு ஒப்பிட்டால் டியூட்டீரியம் ஆயிரத்துக்கு 1,370 பங்கு மிகுந்திருந்தது. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். மிகக் குளிர்ந்த இடத்தில்தான் டியூட்டீரியம் இப்படி மூலக்கூறுகளுக்குள் குவியும். வெதுவெதுப்பான நீரில் குவியாது. நீரில் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கவே செய்யும். ஆக, வினை உங்கள் சிறுகோளில் நடந்திருக்கலாம். மூலப்பொருள் குளிர்மேகத்தின் முத்திரையோடு வந்திருக்கிறது.

இப்போது நிலவன் படித்த ரியூகு ஆய்வுக்கு வருகிறேன். அதன் அழகு அது கேட்ட கேள்வியில் இருக்கிறது. ஒரு மூலக்கூறில் எத்தனை கார்பன்-13 இருக்கிறது என்று கேட்பதோடு அது நிற்கவில்லை. ஒரே மூலக்கூறில் இரண்டு கார்பன்-13 சேர்ந்து இருப்பது எத்தனை தடவை என்றும் கேட்டது. நாப்தலீனில் பத்து கார்பன். நூற்றுக்கு ஏறத்தாழ 1.1 கார்பன்-13 என்ற கணக்கில் தற்செயலாகவே இருநூறு மூலக்கூறுக்கு ஒன்றில் இரண்டு கார்பன்-13 அமைந்துவிடும். மூலக்கூறு உருவாகும்போது வெப்பம் மிகுந்திருந்தால் அந்தத் தற்செயல் எண்ணிக்கைக்கு அருகிலேயே நிற்கும். கடுங்குளிரில் உருவானால் கனமான அணுக்கள் சேர்ந்திருப்பது கூடும்.

நாப்தலீன், ஃபுளோராந்தீன், பைரீன் மூன்றிலும் அந்தக் கூடுதல் ஆயிரத்துக்கு 9 முதல் 51 பங்கு வரை இருந்தது. விண்மீன்களுக்கு இடைப்பட்ட குளிர்மேகத்தில் பிறந்ததற்கு இது பொருந்துகிறது. அதே மண்ணில் இருந்த ஃபீனாந்த்ரீன், ஆந்த்ரசீன் இரண்டிலும் அந்தக் கூடுதல் இல்லை. அவை வெப்பமான வினைகளில் பிறந்தவை. விண்மீனின் வெளியோட்டத்தில் உருவாகியிருக்கலாம், சிறுகோளிலேயே உருவாகியிருக்கலாம். ஒரே சிட்டிகை மண்ணில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து சேர்மங்களுக்கு இருவேறு பிறப்பிடம்! முர்ச்சிசனையும் இதே முறையில் அளந்தார்கள். அந்தக் கட்டுரையைப் படித்து முடித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

நிலவன்

நன்றி. இப்போது தெளிகிறது. ஆனால் நாப்தலீனும் அமினோ அமிலமும் மொத்தக் கார்பனில் பெரும்பகுதியா? விண்மீன் துகள்கள் சொற்பம் என்று அறிவழகன் சொன்னார். அப்படியானால் பெரும்பகுதி எதில் இருக்கிறது? சூடான தூசிப் பரப்பு பற்றிய கட்டுரையை யாரும் தொடவில்லையே?

அறிவழகன்

கேட்க வேண்டிய கேள்வி இதுதான், நிலவன். பெரும்பகுதி கரையாக் கரிமப் பொருளில் இருக்கிறது. எந்தக் கரைப்பானிலும் கரையாத கறுப்புப் பொருள். முர்ச்சிசனின் கரிமக் கார்பனில் 70 சதவீதத்துக்கும் மேல் அதுதான். பென்சீன் வளையங்கள் சிறு சிறு கூட்டங்களாக, குட்டையான கார்பன் சங்கிலிகளால் பின்னப்பட்ட ஒரு பெரிய வலை.

நீங்கள் சொல்லும் சூடான தூசிப் பரப்புக் கருத்து ஆண்டர்ஸ் குழு 1960களில் முன்வைத்தது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் தாதுத் துகள்களின் மேல் வினைபுரிந்து, நிலக்கரியிலிருந்து பெட்ரோல் செய்யும் ஃபிஷர்-டிராப்ஷ் முறைபோல, சூரியத் தட்டில் கரிமச் சேர்மங்களைத் தந்தன என்றார்கள். பல ஆண்டுகள் அதுவே முதன்மையான விளக்கம். கரையாப் பொருளுக்குள் டியூட்டீரியமும் நைட்ரஜன்-15உம் மிக அதிகமாகக் குவிந்த நுண்ணிய புள்ளிகளைப் பிற்பாடு கண்டார்கள். வெப்பமான வாயுவில் அவை உருவாக வழியில்லை. அந்தக் கருத்து முழுவதும் இறந்துவிடவில்லை, முதலிடம் இழந்தது.

இன்று போட்டியில் இருப்பவை இரண்டு. குளிர்மேகத்திலும் தட்டின் வெளிவிளிம்பிலும் பனி பூசிய தூசியின் மேல் புற ஊதாக் கதிர் பட்டு உருவானது என்பது ஒன்று. மேகத்திலிருந்து வந்த ஃபார்மால்டிகைடு, சிறுகோளின் நீரில் ஒன்றோடொன்று பிணைந்து இந்த வலையானது என்பது இன்னொன்று. இரண்டாவதை 2011இல் ஆய்வகத்தில் செய்தே காட்டினார்கள். கிடைத்த பொருள் விண்கல்லில் இருப்பதை நன்றாகவே ஒத்திருந்தது. என் சாய்வு முதலாவதன் பக்கம்.

பரிதி

என் சாய்வு இரண்டாவதன் பக்கம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

கயல்விழியின் டியூட்டீரிய வாதத்தை ஏற்கிறேன். மூலப்பொருள் குளிரில் பிறந்தது. அதோடு நிற்காமல் பென்னு சிறுகோளையும் பாருங்கள். நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைநிலத்தில் இறக்கிய 121.6 கிராம் மண்ணைப் பற்றி 2025 ஜனவரியில் வந்த கட்டுரைகளில், புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14, மரபணுவின் எழுத்துகளான ஐந்து காரங்கள், ஏராளமான அம்மோனியா, உப்புநீர் வற்றிப் படிந்த சோடியம் உப்புகள் எல்லாம் இருந்தன. அம்மோனியா மிகுந்த பனி சூரியனிலிருந்து வெகுதொலைவில், கடுங்குளிரில்தான் நிலைக்கும். உப்புநீரோ உருகிய பிறகு வருவது. குளிர் கொடுத்ததை நீர் சமைத்திருக்கிறது.

முத்துக்குமரன்

அதே பென்னுவில் அமினோ அமிலங்களின் இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழ சமமாகவே இருந்தன என்பதையும் எழுதுங்கள், பரிதி. நீர் இருந்தால் இடக்கை மிகும் என்ற உங்கள் முந்தைய வாதத்துக்கு அது ஒத்துழைக்கவில்லை. பென்னுவில் நீர் குறைவில்லை. முர்ச்சிசன் திறந்த வெளியில் விழுந்து பலர் கை பட்டது. பென்னு மண் மூடிய கலத்தில் வந்து நைட்ரஜன் பெட்டிக்குள் திறக்கப்பட்டது. ஐசோவாலின் மிகுதியை முழுவதும் கறை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை வைத்துப் பெரிய கட்டடம் எழுப்பத் தயங்குகிறேன்.

யாழினி

ஒரு சிறிய கேள்வி. இந்தியாவில் இப்படிப்பட்ட காபன் விண்கற்கள் விழுந்ததுண்டா?

அறிவழகன்

உண்டு. 2017 ஜூன் 6 அன்று ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புரா கிராமத்தில் விழுந்த கல் முர்ச்சிசனின் வகையையே சேர்ந்தது. 1868இல் அசாமின் கோல்பாராவில் கிடைத்தது வேறு வகை, யூரிலைட். அதிலும் கிராஃபைட்டும் வைரமும் உண்டு. அந்த வைரம் தாய்க்கோளுக்குள் அழுத்தத்திலோ மோதலின் அதிர்ச்சியிலோ உருவானது. நாம் மேலே பேசிய விண்மீன் வைரத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கயல்விழி

இழை முடியுமுன் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்றை எழுதிவிடுகிறேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம். ஏன் இவ்வளவு குறைவாக வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சூரியனில் ஒரு சிலிக்கான் அணுவுக்கு ஏழெட்டு கார்பன் அணுக்கள் இருக்கின்றன. விண்வெளித் தூசியிலும் திடநிலையில் ஏராளமாக இருக்கிறது. ரோசெட்டா விண்கலம் 67பி வால்மீனின் தூசியை அளந்தபோது, சிலிக்கான் ஒன்றுக்குக் கார்பன் 5.5 என்று வந்தது. அந்தத் தூசியின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமப் பொருள். ஓர்கேய் போன்ற, கார்பன் மிகுந்ததாக நாம் கொண்டாடும் விண்கற்களில் அந்த எண் ஒன்றைக்கூட எட்டாது. பூமி என்ற மொத்தக் கோளில் இன்னும் மிகமிகக் குறைவு.

ஆக, நாம் கரியைப்போல் கறுத்த கல் என்று கையில் ஏந்துவது, கார்பனின் பெரும்பகுதியைப் பறிகொடுத்த கல். சூரியனுக்கு அருகே ஏறத்தாழ 500 கெல்வின் வெப்பத்தில் கரிமப் பொருள் சிதைந்து வாயுவாகிறது. ஒருமுறை கார்பன் மோனாக்சைடாகிவிட்டால் பிறகு குளிர்ந்தாலும் திடப்பொருளாகத் திரும்புவதில்லை. சூரியத் தட்டில் இந்த எல்லைக்கு உள்ளே இருந்த தூசி தன் கார்பனை இழந்தது. பூமியைக் கட்டிய பொருளில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்தான் இருந்திருக்க வேண்டும். நிலவன் கேட்ட வெப்பத்துக்கு இங்கே பெரிய பங்கு உண்டு. அது கார்பன் சேர்மங்களை உருவாக்கியதைவிட அழித்ததே அதிகம் என்பது என் கருத்து.

பரிதி

இதில் எனக்கு மறுப்பில்லை. கரையாக் கரிமப் பொருளின் பிறப்பிடத்தில்தான் இன்னும் மறுக்கிறேன். நாப்தலீன் தனி மூலக்கூறு. அதை ஆவியாக்கி, முழுதாக எடைபோட்டு, இரட்டைக் கார்பன்-13ஐ எண்ணிவிடலாம். கரையாத வலையை அப்படி ஆவியாக்க முடியாது. உடைத்துத்தான் அளக்க வேண்டும். உடைக்கும் சூட்டில் புதிய பிணைப்புகள் உண்டாகிப் பழைய கணக்கு கலங்கிவிடும். சிதைக்காமல் பிரித்தெடுத்த வளையங்களிலும் அந்தக் குளிரின் கூடுதல் தெரிகிறது என்று யாராவது காட்டினால், அன்றைக்கு அறிவழகன் பக்கம் வந்துவிடுகிறேன்.

அறிவழகன்

அந்த அளவீட்டில் கூடுதல் தெரியாமல் போனால் நான் உங்கள் பக்கம் வருகிறேன், பரிதி. ஒரு நிபந்தனை மட்டும்: நீரால் மிகக் குறைவாக மாறிய கல்லில் அளக்க வேண்டும். முர்ச்சிசனில் அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.